பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடி

இணையத்தில் செஸ் ஆடுகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொடி இருக்கும். அதை நினைத்தபடி மாற்ற விடலாமா என்பதில் எனக்கும் என் கூட்டாளிக்கும் ஓயாத சண்டை. விடவே கூடாது என்பது என் கட்சி. காலையில் நோர்வே, மத்தியானம் பிரேசில் என்று திரிகிறவனை எந்த நாட்டோடு சேர்ப்பது? யாராவது விசாரிக்க வேண்டாமா?

கூட்டாளியின் சிக்கல் வேறு. அவன் தன் கணக்கைத் திறந்தது இலங்கையின் ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில் நின்றுகொண்டு. அங்கே கைபேசி கடலைத் தாண்டி இந்தியக் கோபுரத்தைப் பிடித்துவிடும். எங்களுக்கு அது பழகிப்போனது. செயலிக்குத் தெரியுமா? அவனை இந்தியன் என்று பதிந்துவிட்டது. அவனும் மாற்றுகிற பஞ்சியில் அப்படியே விட்டிருந்தான்.

பிறகு இலங்கைக்கென்று ஓர் இணைய அணி திரட்டினார்கள். அவன் ஆடுகிற ஆட்டத்துக்கு இடம் கட்டாயம் கிடைக்கும். ஆனால் இலங்கைக் கொடி உள்ளவர்களுக்குத்தான் 'சேர்' என்ற பொத்தான் வேலை செய்தது. அன்று பின்னேரத்தோடு பதிவு முடிகிறது. நானாட்டானில் இருக்கும் அவன் வீட்டுக்கு ஓடினேன்.

"என்னடா இந்தியாக்காரா, விசா இருக்கோ?"

"உன்ர சட்டப்படி நான் இப்பிடியே கிடந்து சாகவேணும், என்ன?"

"உனக்கு மட்டும் விடலாம் மச்சான்."

"பெரிய மனசடா உனக்கு."

அந்த நேரம் வயல் வேலை முடிந்து அவனுடைய அப்பா வந்தார். இந்திய வம்சாவளித் தோட்டக் குடும்பத்தில் மலையகத்தில் பிறந்து, சின்ன வயதில் இங்கே குடியேறியவர். அவர் பேச்சு இன்னும் மலைப்பக்கம்தான். விசயத்தைச் சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தியான்னு போட்டிருக்கா?" சிரித்தார். "எங்கப்பா இந்த நாட்டுக்காரருமில்ல, அந்த நாட்டுக்காரருமில்லன்னு கடுதாசியத் தூக்கிக்கிட்டு கந்தோர் கந்தோரா நடந்தாரு. சாகுற வரைக்கும் ரெண்டு நாட்டுக் குடியுரிமையில ஒண்ணும் கெடைக்கல. இதுக்கு எத்தன நாளாகும்?"

"இப்பவே மாறும் அப்பா."

கூட்டாளி நாடுகளின் வரிசையைத் திறந்து கொடிகளைத் தள்ளிக்கொண்டு போனான். அவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். எந்த நாட்டின் நிறமும் இல்லாத ஒரு கொடி.

"இது எந்த ஊரு?"

"எந்த நாடும் வேண்டாமெண்டுற ஆக்களுக்கு, அங்கிள்," என்றேன்.

"வேணாம்னா? அவங்களே கேட்டு வாங்கிக்கிறாங்களா?"

"ஓம்."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எத்தனையோ முறை கண்ணில் பட்ட கொடிதான். அன்றைக்குத்தான் அதன் பொருள் உறைத்தது. ஒரு மனிதன் உயிர் போகும்வரை சுமந்த ஒன்றை, உலகத்தில் எங்கோ ஒருவன் விளையாட்டாகத் தொட்டு எடுத்துக்கொள்கிறான்.

கூட்டாளி இலங்கைக் கொடிவரை தள்ளினான். "நான் அமுத்தட்டா?" என்று அப்பா கேட்டுவிட்டு, கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலைக் கைபேசிக் கண்ணாடி உணரவில்லை. திரும்பவும் அழுத்தினார்.

"மெதுவாத் தொடுங்கோ அப்பா."

அவன் பெயருக்குப் பக்கத்தில் இலங்கையின் சிங்கக் கொடி வந்து உட்கார்ந்தது. கூட்டாளி கைபேசியைப் பறித்து 'சேர்' பொத்தானைத் தட்டினான். அணியில் அவன் பெயர் ஏறியது. அவன் துள்ளினான். அப்பா மட்டும் வாசலைப் பார்த்தார்.

"ஏன் மாத்துனன்னு யாராச்சும் வந்து கேப்பாங்களா தம்பி?"

கேட்கத்தான் வேண்டும் என்று இவ்வளவு காலமும் வாதாடியவன் நான்.

"ஒருத்தரும் வரமாட்டினம், அங்கிள்," என்றேன்.