தாடையின் இரண்டாவது படம்

இரண்டாம் முறையும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பல்லு டொக்டராத்தானே இருக்கிறாய். பிறகும் என்னத்துக்கு உந்தக் கம்பி போடுற படிப்பு?"

அது கோபமில்லை, பயம். முதல் முறை இடம் கிடைக்காமல் போனபோது நான் ஒரு கிழமை யாருக்கும் முகம் கொடுக்காமல் திரிந்ததை அவர் மறக்கவில்லை. பல் சீரமைப்புச் சிறப்புப் படிப்புக்கு ஒஸ்லோவில் உள்ள இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விண்ணப்பிப்பவர்களோ நாடு முழுக்க இருக்கிறார்கள். இம்முறையும் இல்லையென்றால் இந்த ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் நான் வேலை செய்த கிளினிக்கில் சொத்தைப் பல் அடைத்தபடியே ஓய்வுபெற வேண்டியதுதான்.

அந்த வேலையில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் எக்ஸ்ரே வரும்போதெல்லாம் என் கை ஓய்ந்துவிடும். பால் பற்களுக்கு அடியில், எலும்புக்குள்ளே, நிரந்தரப் பற்கள் முழு உருவத்தோடு தங்கள் முறை வரும்வரை காத்திருக்கும். உதவியாளர் அடுத்த பிள்ளையை அழைக்கலாமா என்று கேட்பார். நான் அந்தப் படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பேன். இதைச் சொன்னால் அம்மாவுக்கு விளங்காது என்று நினைத்து, சம்பளம் கூடும் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

முதல் முறை ஏன் எடுக்கவில்லை என்று தொலைபேசியில் கேட்டபோது, மிகவும் மரியாதையாக ஒரு விளக்கம் தந்தார்கள். நீங்கள் சொன்னது எல்லாமே சரி, ஆனால் உங்களை எங்களால் பார்க்க முடியவில்லை என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பார்ப்பதென்றால் என்ன, படம் எடுத்து அனுப்பவா? ஆசிரியர் கேள்வியை முடிக்குமுன் பதிலைச் சொல்லிவிட வேண்டும், தெரியாது என்ற சொல் வாயில் வரவே கூடாது என்று வளர்ந்தவள் நான். அதனால் இம்முறை இன்னும் கூடுதலாகப் படித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று காலை தெருவெல்லாம் பனி உருகி மறுபடி கண்ணாடியாக உறைந்திருந்தது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்த அம்மா, விழுந்து கையை முறித்துக்கொள்ளாதே என்று ஸ்டோவ்னர் நிலையம்வரை காரில் கொண்டுவந்து விட்டார். கார் கிளம்பும் முன் வழக்கம்போலச் சிலுவை போட்டார். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள்கள், கடைசியில் விரல் நுனிக்கு ஒரு முத்தம். தேவாலயத்தைக் கடந்தாலும் போடுவார், ஆம்புலன்ஸ் கடந்தாலும் போடுவார். நான் பூசைக்குப் போவதை விட்டுக் கனகாலம். நிலையத்தில் என் பக்கம் திரும்பி எனக்கும் ஒன்று போட வந்தவரின் கையை மெல்லப் பிடித்து இறக்கினேன்.

"சனம் பாக்குது, அம்மா."

"பாக்கட்டும். உனக்கென்ன?" என்றார். நான் டி-பானே என்னும் நகர ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு கம்பளிச் சட்டை அணிந்த பேராசிரியர், இரு பக்கமும் அவருடைய சகாக்கள். தன்னைப் பெயர் சொல்லியே அழைக்கும்படி பேராசிரியர் சொன்னார். இந்த நாட்டில் பிறந்தும் எனக்கு அது இன்றுவரை நாக்கில் வராத விஷயம். பெயரையே உச்சரிக்காமல் வாக்கியங்களை வளைத்து வளைத்துச் சமாளித்தேன். கேள்விகளுக்கெல்லாம் மடமடவென்று பதில் சொன்னேன். போன தடவை மாதிரியே எல்லாம் சரியாகப் போகிறது என்று தோன்றியபோதுதான், அப்போதும் இப்படித்தான் தோற்றேன் என்பது நினைவுக்கு வந்தது.

அப்போது பேராசிரியர் திரையில் ஒரு படம் போட்டார். பனிச்சறுக்கில் விழுந்து, முகவாய் தரையில் அடிபட்ட ஆறு வயதுப் பிள்ளை. காதுக்கு முன்னால் தாடை மண்டையோடு பொருந்தும் இடத்தில் உருண்டையான எலும்புத் தலை ஒன்று இருக்கும். இடப்பக்கம் அது, தன்னைத் தாங்கும் மெல்லிய எலும்பில் முறிந்து சரிந்து கிடந்தது. என்ன செய்வீர்கள் என்று கேட்டார். புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். சிறு பிள்ளைக்கு இந்த இடத்தில் கூடியவரை கத்தி வைப்பதில்லை, வாயைத் திறந்து மூடப் பயிற்சி கொடுத்து, பல வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்தைப் போட்டார். அதே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் எடுத்த படம்.

முறிந்த இடத்தில் புதிதாக ஒரு எலும்புத் தலை இருந்தது. உருண்டையாக, அளவாக, தன் குழிக்குள் பொருந்தி இருந்தது. வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எது முறிந்தது என்று தெரியாதவர் கேட்டால் சொல்ல முடியாது. யாரும் தொடவில்லை. ஆணி இல்லை, கம்பி இல்லை. கத்தி வைப்பதில்லை என்ற அந்த வரியை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், சற்று முன் வாயாலும் சொன்னேன். ஆனால் கண்ணால் கண்டது அன்றுதான். உடம்பு சிலிர்த்தது.

விரல் நுனி உதட்டில் பட்டபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

இந்த ஊரில் ஒருவருடைய பக்தி தற்செயலாகக் கண்ணில் பட்டுவிட்டால், உடை மாற்றுபவரைக் கண்டதுபோல் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். சகாக்கள் இருவரும் தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். மன்னியுங்கள், வீட்டுப் பழக்கம் என்று முணுமுணுத்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று மனம் அடித்துக்கொண்டது.

பேராசிரியர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் படத்தை நிறையப் பேருக்குக் காட்டியிருக்கிறேன்," என்றார். "அனேகமாக எல்லோரும் அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார்கள்."

இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற துணிவில் நான் அவரைக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். எந்த அளவில் நிற்க வேண்டும் என்று அந்த எலும்புக்கு எப்படித் தெரிந்தது? வளர்ந்துகொண்டே போகாமல் ஏன் நின்றது? அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"முழுதாகத் தெரியாது," என்றார்.

அதை அவர் வெட்கமில்லாமல், சந்தோஷமாகவே சொன்னார். வாழ்நாள் முழுவதும் இதையே பார்த்தவர் சொன்ன அந்தத் 'தெரியாது' என்ற சொல்லின் முன்னால் நான் மனப்பாடம் செய்த அத்தனையும் சிறுத்துப் போனது. நேரம் முடிந்து அடுத்தவர் வெளியே காத்திருந்தபோதும், அந்தப் படத்தை இன்னொரு தரம் போட முடியுமா என்று கேட்டேன். போட்டார். நாலு பேரும் சேர்ந்து பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து, உங்களால்தான் இந்த முறையும் கெட்டது என்று அம்மாவிடம் பாய்ந்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பிள்ளை இப்ப வடிவாச் சாப்பிடுதே?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஓம் அம்மா. வடிவாச் சாப்பிடும்," என்றேன்.

இடம் கிடைத்தது என்ற அழைப்பு கிளினிக்கில் இருந்தபோது வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் படிப்புத் தொடங்கியதும், பேராசிரியர் என் முதல் நோயாளியை அழைத்துவந்தார். ஊஞ்சலிலிருந்து விழுந்த ஐந்து வயதுச் சிறுமி, கூடவே கலங்கிய முகத்தோடு அவளுடைய அப்பா. படத்தில் இடப்பக்க எலும்புத் தலை முறிந்து சரிந்திருந்தது. இங்கே இருக்கும் மூன்று வருடமும் இவளை நீங்கள்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றார் பேராசிரியர். வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுங்கள், அளந்து பாருங்கள், மற்றதை அந்த எலும்பு பார்த்துக்கொள்ளும் என்றார்.

சிறுமி வாயைத் திறந்தாள். தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. அவளுடைய அப்பாவைப் பயமுறுத்தக் கூடாதென்று, நெற்றிக்குப் போகப் பார்த்த என் வலக்கையை வெள்ளை அங்கியின் பைக்குள் விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் அந்தப் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.