எங்கள் மெயில் சர்வருக்கு ஊதுபத்தி

போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன். அப்பா பார்த்தால் போன் போய்விடும்.

தாராவியில் எங்களுக்குத் தோல் பை பட்டறை. அங்குள்ள மெயில் சர்வரை அமைத்தது நெருளில் இருக்கும் சித்தப்பா. அப்பா அதற்குத் தினமும் ஊதுபத்தி காட்டுவார். யாரையும் தொட விடமாட்டார்.

நேற்றிலிருந்து வெளி மெயில் ஒன்றுகூட வரவில்லை. இன்று ஒரு பார்ட்டி போனில் கத்தினார். அவர் அனுப்பும் ஆர்டர், 'தடுக்கப்பட்டது' என்று திரும்புகிறதாம். மாலைக்குள் சரியாகாவிட்டால் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவாராம்.

அப்பா புது ஊதுபத்தி வாங்கப் போனார்.

நான் சர்வரில் Get-IPBlockListProvider என்று அடித்தேன். அது காட்டும், எதையும் மாற்றாது. அனுப்புகிறவர் நல்லவரா கெட்டவரா என்று எங்கள் சர்வர் யார் யாரிடம் கேட்கிறதோ, அந்தப் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்று மூடப்பட்ட சேவை. மூடிய பிறகு, யாரைப் பற்றிக் கேட்டாலும் கெட்டவர் என்றே சொல்கிறது.

படமெடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஏட்டி, சர்வரத் தொட்டியா?"

"பாத்தேன் சித்தப்பா. ஒண்ணும் மாத்தல."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இப்படி பேசிட்டு இருப்பேனா?"

சிரித்தபடியே தன் ஆபீஸில் உட்கார்ந்தே எங்கள் சர்வரிலிருந்து அந்தப் பெயரை நீக்கினார். அப்பா திரும்பி வந்து ஊதுபத்தியைக் கொளுத்தவும் பார்ட்டி மறுபடி அனுப்பிய ஆர்டர் வந்து விழவும் சரியாக இருந்தது.

"பாத்தியளா! பத்தி இன்னும் பாதிகூட எரியல!" என்று பட்டறை முழுக்கச் சொன்னார்.

நாளையிலிருந்து இரண்டு வேளையும் காட்டப் போகிறாராம். சர்வருக்குப் புகை ஆகாது என்பதை, நான் மாட்டிக்கொள்ளாமல் அவரிடம் எப்படிச் சொல்வது? யோசனை இருந்தால் எழுதுங்கள்.