மோட்டார் மாமனுக்கு மோட்டார் கொடுத்தவன் நான்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சிங்காநல்லூரில் ஒரு தகரக் கொட்டாயில் பழைய டிரெடில் மெஷினைக் காலால் மிதித்தே அச்சுத்தொழில் பழகினேன். பேங்க்காரர் கடன் கிடையாது என்றார். ஆஃப்செட் மெஷினை இறக்கிக் காட்டினேன். சூலூரில் கிளை போட்டேன். கருமத்தம்பட்டி வரைக்கும் கல்யாணப் பத்திரிகை என்றால் என் பிரஸ்தான். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. மோட்டார் மாமனை உண்டாக்கியதில் பாதி நான்.

தலையில் உருமால், இடுப்பில் பம்ப்செட் மோட்டார். அந்தக் கதைப்புத்தக மாமனைத் தெரியாத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா?

1. இருந்தது ஒரே பிளாக்

வாத்தியார் ஒருவர் சிறுவர் கதை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். படம் வேண்டும், ஆனால் புதுசாக பிளாக் செய்ய வசதியில்லை என்றார். பிளாக் என்பது படம் செதுக்கிய தகட்டை மரக்கட்டையில் ஆணியடித்தது. பம்ப்செட் பட்டறை ஒன்று நோட்டீஸுக்குச் செய்துவிட்டு வாங்க வராமல் போன பிளாக் என்னிடம் கிடந்தது. உருமால் கட்டிய ஆள் மோட்டாரைக் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு சிரிப்பான். பக்கத்துக்குப் பக்கம் அதையே வைத்து அடித்து, புரூஃப் காட்டினேன்.

வாத்தியார் பதறிப்போனார்.

"ஏனுங்க, கண்ணாலத்துக்குப் போனாலும் மோட்டாரு, பஸ்ஸுல போனாலும் மோட்டாருங்களா?"

"இருக்கட்டுமுங்க. கதைய மாத்தி எழுதிப்போடுங்க."

"எதுக்குத் தூக்கறான்னு பசங்க கேட்டா?"

"பசங்க கேக்கமாட்டாங்க. நீங்கதானுங்க கேக்கறீங்க!"

முறைத்தார். அப்புறம் பிரஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மாமன் மோட்டாருக்கும் பஸ் டிக்கெட் வாங்குவதும், பந்தியில் அதற்கும் ஓர் இலை போடச் சொல்வதும் வாத்தியார் மூளை. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

2. மாமனை அழவைத்த கதை

வாத்தியார் இப்போது இல்லை. போன மாதம் ஒரு பதிப்பாளர் அந்தப் புத்தகத்தைக் கலர் படம் போட்டுப் புதுசாக வெளியிட்டார். விழாவுக்கு எனக்கு அழைப்பில்லை, நானாகவே போனேன். மேடையில் ஒருவர், அந்த மோட்டார் கொங்கு உழைப்பின் குறியீடு என்று முழங்கினார். என்னங்க குறியீடு? வேறு பிளாக் இல்லை, அதுதான் மோட்டார்!

அதைவிட அநியாயம், கடைசியில் ஓர் அத்தியாயத்தை இவர்களே ஒட்டியிருக்கிறார்கள். செத்துப்போன அண்ணன் ஞாபகமாக மாமன் மோட்டாரைச் சுமக்கிறானாம். மேடையில் அதை வாசித்துக் காட்டியதும், அதுவரை கதை கேட்டு விழுந்து விழுந்து சிரித்த பிள்ளைகள் கம்மென்று ஆகிவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு குட்டி, "அம்மா, ஊட்டுக்குப் போலாம்" என்றது.

பிள்ளைகளை நாள் முழுக்க ஏன், எதுக்கு என்று பிடுங்குகிறோம். ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல் மோட்டாரோடு திரிகிற ஆளைக் கண்டால் அவர்களுக்குக் குஷி. அதனால்தான் இத்தனை வருஷமாகியும் அவன் செல்லுபடியாகிறான். இவர்கள் அவனுக்கும் காரணம் கற்பித்து, மற்ற பெரியவர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

பதிப்பாளரைப் பிடித்தேன். "ஏனுங் தம்பி, எம்பேரு எங்கீங்க?"

"ஐயா, முதல் பதிப்பு அச்சிட்டதுன்னு உங்க பிரஸ் பேரு போட்டிருக்குதுங்களே. நீங்க பிரிண்டர்தானுங்களே?"

"பிரிண்டர்தான். நான் அந்த பிளாக்கை எடுக்காம இருந்திருந்தா உங்க மாமன் வெறுங்கைய வீசிட்டுப் போயிருப்பான். ஒருத்தனும் திரும்பிப் பாத்திருக்கமாட்டான்!"

சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

தொழிலுக்கு வருகிற பசங்களுக்குச் சொல்கிறேன். கையில் இருப்பதை வைத்து வேலையை முடியுங்கள். செய்ததற்குப் பேரை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். பதிப்பாளர் தம்பி, அந்த அழுகை அத்தியாயத்தைத் தூக்குங்கள். 'கதை' என்று வாத்தியார் பேர் இருக்கிற வரிக்குக் கீழே, 'மோட்டார்' என்று என் பேர் வரவேண்டும். அதே அளவு எழுத்தில். ஒரு பாயிண்ட் குறைந்தாலும் எனக்குக் கண்ணிலேயே தெரியும்.