செவ்வாய் முதல் சனி வரை

மூன்றாவது மாடி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘நாள்காட்டி’ என்று பெயர். கர்ப்பமா என்று பார்க்க அவசரப்பட்டு ஓடி வரும் பெண்களை நிறுத்தி வைத்துக் கணக்குச் சொல்வாள்.

"முட்டை வெளிவந்து ஆறு நாளும் ஆகலாம், பன்னெண்டு நாளும் ஆகலாம், கரு கர்ப்பப்பையில பதிய. பதிஞ்ச பிறகுதான் ரத்தத்துல தெரியும். இப்ப குத்தினா வலிதான் மிச்சம். தேதி தள்ளிப்போனா வாங்க அக்கா."

இவ்வளவு பேசியவள் தன் விஷயத்தில் என்ன செய்தாள் தெரியுமா? கையெட்டும் தூரத்தில் இயந்திரம் இருந்தால் யாருக்குத்தான் மனம் அடங்கும்? கல்யாணமாகி ஏழு வருடம். முட்டை வெளிவந்த பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் தன் கையில் தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டாள். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் ஐந்துக்குக் கீழே இருந்தால் கர்ப்பம் இல்லை என்று அர்த்தம். பதினொன்று என்று வந்தது.

அன்று மாலை பள்ளி வேன் ஓட்டும் கணவனிடம் சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னைக்கு பதிஞ்சிருக்கும்?"

"ரெண்டு நாள் முன்னாடி இருக்கலாம். செவ்வாய்க்கிழமைன்னு வச்சுக்கங்களேன்."

இரண்டு நாளில் அந்த எண் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். சனிக்கிழமை ஒன்பது வந்தது. சோதனைக் குழாய் மாறிவிட்டதோ என்று திரும்பவும் போட்டாள். அதே ஒன்பது. ஞாயிறு காலை, மாதா மாதம் வருவது சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. ஒரு நாள்கூடத் தள்ளிப் போகவில்லை. மற்றவர்களை அனுப்பியது போலத் தன்னையும் திருப்பி அனுப்பியிருந்தால், அப்படி ஒன்று வந்து போனதே அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டது அவள் செய்த தப்பு. அழவும் வெட்கமாக இருந்தது. எதற்கு அழுகிறாய் என்று யாராவது கேட்டால் எதைக் காட்டுவாள்?

அதைவிட அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவளை அரித்துத் தின்றது. அன்று ஒரு பெரிய மருந்துப் பெட்டியை மூன்று மாடியும் அவள்தான் தூக்கிக்கொண்டு ஏறினாள். கணவனிடம்கூட இதைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை, பதிஞ்ச அன்னைக்கே பெட்டி தூக்கினதாலதானே டாக்டர்?"

"அதெல்லாம் இல்லம்மா. இவ்வளவு சீக்கிரம் கலையறது பெரும்பாலும் கருவிலேயே இருக்கிற குறை. செவ்வாய்ங்கிறதே ஒரு உத்தேசம்தானே? நீ படுத்தே கிடந்திருந்தாலும் நின்னிருக்காது."

அவள் தலையாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பெட்டி விஷயம் அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் புதுச் சீட்டை எடுத்தார். "இதுக்கு முன்னாடி கர்ப்பம் எதுவும் இல்லைன்னு போட்டுக்கலாமா? நிறைய பேர் இதைக் கணக்குல சேர்க்கறதில்ல."

அவள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணுன்னு போடுங்க டாக்டர்."

"எத்தனை வாரம்னு எழுதட்டும்?"

"வாரம் ஆகல," என்றான். "அஞ்சு நாள் இருந்துச்சு."