சம்பந்தி ஒதுக்கிய மழைத்தண்ணீர்

மே பதினோராம் தேதி, காலை பத்தேகால் மணி, ஆம்பூரில் அனல் வெயில். என் கடைசி மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா, தோல் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். எதைத் தொட்டாலும் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொள்வார். எங்கள் தொட்டியில் சேர்த்த மழைநீர் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"இன்னா சார், வீட்ல தண்ணி சுத்தம் பண்ற மெஷின் இல்லையா? அவ்ளோ கஷ்டமா?"

"போர்த் தண்ணிதாங்க உப்பு. இது சுத்தம்."

"அது எனக்குத் தெரியாதா சார்? நாலு பேர் இன்னா நெனைப்பாங்க?"

டம்ளரைத் தொடாமல் எழுந்துவிட்டார். எங்கள் பக்கம் அப்படிப் போனால் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள். மகள் உள்ளே அழுதாள்.

மறுவாரம் மெஷின் வாங்கி, அதே தொட்டியோடு இணைத்து, அவரை மறுபடி அழைத்தேன். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "இதுதான் சார் தண்ணி" என்றார். நிச்சயம் முடிந்தது. தினமும் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிறவர் அவர்; அதே மழைத்தண்ணீரை அன்று ஏன் ஒதுக்கினார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஒரு டம்ளர் கொடுக்க மூன்று டம்ளர் மழையைச் சாக்கடையில் விடும் அந்த மெஷினுக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்.