தகடு மட்டும் அசல்

அப்பா அம்மா வைத்த பெயர் எதுவாக இருந்தாலும், பட்டறைத் தெருவில் அவர் ‘காந்தம்’தான். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு குட்டிக் காந்தம் கிடக்கும். பழைய கார் எது வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, அதன் உடம்பு முழுக்கக் காந்தத்தை ஊர விடுவார். ஒட்டினால் இரும்புத் தகடு. நழுவினால் பட்டி பூசி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள். முப்பது வருஷ டிங்கர் வேலையில் பளபளப்பைக் கண்டாலே அவருக்கு எரிச்சல் வரும்.

இந்த வியாதி வீட்டுக்கும் பரவியிருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் வேலை செய்வதாகச் சொன்ன அலுவலகத்துக்கு எதிரே மூன்று நாள் காவல் கிடந்தவர் அவர். “நான் போடுற காப்பியையே மோந்து பாத்துட்டுதான் குடிப்பாரு. அவரை நம்பவைக்க ஆண்டவனே வந்தாலும் அடையாள அட்டை காட்டணும்” என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவரிடம்தான் பல் டாக்டரம்மா அந்த இங்கிலாந்து வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டே இருக்கை. மரச்சட்டத்தின் மேல் அலுமினிய உடம்பு. மொத்தமே நாற்பத்தொரு வண்டிதான் செய்தார்களாம்.

“எனக்கு நாலு வயசு இருக்கும்போது எங்கப்பா ஓட்டின வண்டி அண்ணா” என்றார் டாக்டரம்மா. “அம்மா மாடிப்படியில விழுந்து இடுப்பு உடைஞ்சிடுச்சு. ஆபரேஷனுக்காக அப்பா உயிரா வெச்சிருந்த வண்டிய வித்துட்டாரு. அப்புறம் அவர் ஸ்டியரிங்கயே தொடல. அம்மா போனப்புறம் பதினோரு வருஷம் தேடி, புரோக்கர்கிட்ட கண்டுபிடிச்சேன். அப்பாவுக்கு எம்பத்திரண்டு ஆச்சு. எங்களுக்காக விட்டதை அவர் கண்ணு மூடறதுக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். இது அதே வண்டிதானான்னு பாத்து, உங்க கையால எழுதிக் கொடுங்க.”

கதை நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே காந்தத்துக்குப் பிடிக்கவில்லை. கேட்டதும் கண் கலங்குகிற கதை என்றால் பின்னால் ஏதோ பட்டி பூசியிருக்கிறது என்பது அவர் கணக்கு.

எஞ்சினுக்குப் பின்புறம் கம்பெனி அடித்த பித்தளைத் தகட்டில் இருந்த எண், டாக்டரம்மா கொண்டுவந்த, எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து எடுத்த பழைய புகைப்படத்தில் தெரிந்த எண்ணோடு அச்சாகப் பொருந்தியது. தகடு அசல். ஆனால் அதைப் பிடித்திருந்த ஆணிகள் கம்பெனி அடித்தவை இல்லை. காந்தம் வண்டிக்கடியில் படுத்தார். இந்த ரக வண்டிகளில் அதே எண்ணை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், இரும்பு அடிச்சட்டத்திலும் வெட்டியிருப்பார்கள். எட்டுப் பூச்சு பெயிண்டைச் சுரண்டி, சாக்பீஸ் தூளைத் தேய்த்ததும் எண் வெள்ளையாக எழுந்தது. கடைசி இரண்டு இலக்கமும் வேறு.

அடுத்த நாளே புரோக்கரின் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பிடித்தார்.

“பல்லு பிடுங்குறவங்ககிட்டயே உன் வேலைய காட்டிட்டியா?”

“அண்ணே, சத்தியமா நான் தகட்டைத் தொடல. சினிமா தியேட்டர் முதலாளிகிட்ட வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்று பதறிய புரோக்கர், பீரோவின் அடித்தட்டிலிருந்து பழுப்பேறிய ஒரு கடிதத்தை எடுத்தான். “இத காட்டினா வண்டி விக்காதுன்னு ஒளிச்சு வெச்சேன். அது மட்டும்தான் என் தப்பு.”

தியேட்டர் முதலாளிக்கு டாக்டரம்மாவின் அப்பா எழுதிய கடிதம். ‘வண்டி விபத்தில் நசுங்கிப் போயிற்று. உபயோகமில்லை. உங்களிடமுள்ள அதே ரக வண்டிக்குப் பத்திரங்கள் இல்லையென்று கேள்விப்பட்டேன். என் தகட்டையும் பதிவுப் புத்தகத்தையும் அனுப்புகிறேன்.’ கீழே கையெழுத்து, தேதி.

காந்தத்துக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. நசுங்கிய வண்டியைத் தியாகம் என்று மகளிடம் அளந்திருக்கிறார் கிழவர்! ஊரில் எத்தனையோ திருடர்களைப் பிடித்தவருக்கு, தியாகத் திருடர் ஒருவரைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. “ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு அதே வண்டிதான்னு எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சிடும்? பெரியவர் நாலு நாள் சந்தோஷமா இருப்பாருல்ல” என்றாள் மனைவி. “பொய் எழுத என் கை வளையாது” என்றார் காந்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரம்மா அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். பெரியவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“இதுதானேப்பா?”

“இதேதாம்மா” என்றார் பெரியவர், வண்டியைப் பார்க்காமலே.

அந்த அவசரம் போதும் காந்தத்துக்கு. கேட்பதற்கு முன்பே தன் அறிக்கையையும் அந்தக் கடிதத்தையும் டாக்டரம்மாவிடம் நீட்டினார். கொஞ்சம் பெருமையாகவே நீட்டினார்.

டாக்டரம்மா படித்தார். திரும்பப் படித்தார். அவர் விரல் கடைசி வரியில் நின்றது.

“இந்தத் தேதியில அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்களேப்பா. அவங்க பழைய ஆஸ்பத்திரி சீட்டுல பாத்திருக்கேன். சேத்து மூணாவது நாள்.”

டாக்டரம்மா கடிதத்திலிருந்து கண்ணை எடுத்து அப்பாவைப் பார்த்தார்.

“மாடிப்படின்னு சொன்னீங்க.”

“நான்தாம்மா ஓட்டினேன்” என்றார் பெரியவர். “அவ பக்கத்துல உக்காந்திருந்தா. மெதுவா போங்கன்னு ரெண்டு தடவை சொன்னா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் அவதான்.”

இவ்வளவு சந்தேகப்பட்ட காந்தம், இதைச் சந்தேகப்படவே இல்லை. ஒரு பூச்சைச் சுரண்டிவிட்டு அடி கண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார். எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்கிவிடலாம் போல அவருக்கு அவமானமாக இருந்தது.

டாக்டரம்மா கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். தெருவில் இறங்கி நடந்தார். தாழ்வான அந்த இருக்கையிலிருந்து எழ முடியாமல், மகள் நின்றிருந்த பக்கம் பெரியவர் கையை நீட்டினார்.

காந்தம்தான் போய் அந்தக் கையைப் பிடித்தார்.