சீழ் வைக்காத புண்

தொண்ணூறுகளின் நடுவில், மாநில எல்லைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் ரத்தப் பரிசோதனைக்கூட டாக்டராக இருந்தேன். மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பும் எடுப்பேன். ஒரு மழைக்கால வாரத்தில் ஒட்டும் ஏற்பிகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். வெள்ளை அணு எலும்பு மஜ்ஜையில் வளரும்போதே அதன் மேல் இந்த ஏற்பிகள் உருவாகின்றன. அவற்றால்தான் அணு ரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேறிப் புண்ணுக்குப் போகிறது. ஏற்பி இல்லாத அணு ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கரும்பலகையில் அழகாகப் படமும் வரைந்தேன்.

அதே வாரம் பொழியூரிலிருந்து ஒரு மீனவத் தம்பதி தலைப்பிள்ளையோடு வந்தார்கள். தொப்புளைச் சுற்றிச் சிவந்த புண்.

“முப்பத்தஞ்சு நாளாச்சு சாறே, கொடி இன்னும் விழல்ல” என்றாள் தாய்.

“அவளுக்க பிள்ளையாக்கும். பிடிச்சா விடாது” என்றான் கணவன்.

“உமக்க குணம்னா எப்பமே விட்டுட்டு கடலுக்கு ஓடியிருக்கும்.”

நானும் சிரித்தேன். விழுந்த கொடியை அப்பன் வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் விடுவான். அதன் பிறகே ஞானஸ்நானமும் பெயரிடுதலும். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

“பேரு பாத்து வச்சாச்சு சாறே. இப்பம் சொல்லமாட்டேன்” என்றாள்.

குழந்தையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் நெருக்கியடித்தன. புண்ணிலிருந்து எடுத்துத் தடவிய கண்ணாடித் தகட்டில் கிருமிகள் இருந்தன. வெள்ளை அணு ஒன்றுகூட இல்லை. மாதிரியைச் சரியாக எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“சீழே இல்லை, சுத்தமான புண். கொடி தானாக விழும்” என்றேன்.

“ஞானஸ்நானத்த முந்தி வச்சிரட்டா சாறே?” என்று கேட்டாள் தாய்.

“அவசரமே இல்லை.”

ஒன்பதாம் நாள் குழந்தை இறந்தது. பதிவேட்டில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது.

அன்று ரத்தம், புண் இரண்டின் தகடுகளையும் மறுபடி பார்த்தேன். சீழாவதும் கொடியை அறுத்து விழவைப்பதும் வெள்ளை அணுக்கள்தான். ஏற்பி இல்லாமல் புண்ணுக்கு வர முடியாத அணுக்கள், அதனால் விழாத கொடி, அதனால் இல்லாத சீழ். நான் கரும்பலகையில் வரைந்ததுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருக்குமா, தெரியாது. ஆனால் அனுப்பியிருக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் பிழை தெரிந்துவிடும்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். மறு வருடம் அந்தத் தாய் மீண்டும் கர்ப்பமாகி, ரத்தம் பார்க்க என்னிடமே வந்தாள். இது பெற்றோர் இருவர் வழியாகவும் இறங்கும் நோய். அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதுவும் எனக்குத் தெரியும்.

“இந்தப் பிள்ளைக்காவது கொடி சட்டுனு விழணும் சாறே” என்று சிரித்தாள். “அந்தப் பேரைத்தான் இதுக்கும் வைக்கப்போறோம்.”

ரத்தம் போதுமான அளவு இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

“வாறேன் சாறே” என்று போனாள்.

அவளுக்குப் பிரசவம் ஆகியிருக்க வேண்டிய மாதத்தில் நான் லீவு போட்டேன். பொழியூர் அரை மணி நேரப் பஸ் தூரம். இன்றுவரை போய் விசாரிக்கவில்லை.